இரு கோணங்கள் இணைந்த விழா

திருமணம் என்பது இரு மனங்கள் இணைவது என்று இன்னமும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். திருமணம் என்பது இரு கோணங்கள் இணைவது. ஒன்று மாப்பிள்ளையின் இடப்பக்கத்திலிருந்து. மற்றது சற்று மேலிருந்து. இந்தப் பேருண்மையை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய பெருமை எங்கள் குடும்பத்தையே சாரும். வரவேற்புக் குழுத் தலைவர் அடியேன்தான். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா.

குழுவின் முதல் கூட்டம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் நடந்தது. செலவு அண்ணனுடையது என்பதால் அவர் கருத்து கேட்கப்படவில்லை. கேமராக்காரர் தலைமை தாங்கினார். மோதிரம் போடுவதும் வரவேற்பும் ஒரே மேடையில், கல்யாணப் பதிவு பிற்பாடு என்று 'ஏகமனதாக' முடிவாயிற்று. பதிவு அலுவலகத்தில் வெளிச்சம் மட்டமாம்.

அடுத்த பொருள், பெண்ணின் கை. பெண் பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை பார்க்கிறவள். சூடான தட்டுகள் பட்டுப் பட்டு விரலெல்லாம் தழும்பு.

"முகத்தை மேக்கப்ல சமாளிச்சிடலாம் சார். கைதான் உதைக்குது" என்றார் கேமராக்காரர்.

"வேற கை இருக்கா?" என்று அண்ணி கேட்டார்.

"இருக்கு மேடம். கை மாடல். சோப்பு விளம்பரம் எல்லாம் பண்ணின கை. ஆளும் நம்ம பொண்ணு உயரம்தான்."

அந்தக் கையை உடனே 'பணியமர்த்தினோம்'. நகைக்கடைக்கும் அதைத்தான் அழைத்துப் போனோம். மோதிரம் கச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "மருமக கைன்னா இப்படி இருக்கணும்" என்றார்.

ஒப்புக்குப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தோம். வேலைக்கு நடுவே, மாவு ஒட்டிய சட்டையோடு ஓடி வந்தாள். மோதிரம் அவள் விரல் கணுவைத் தாண்ட மறுத்தது.

"கொஞ்சம் பெருசு பண்ணிடலாமே?" என்றாள்.

"பண்ணக் கூடாதும்மா. அப்புறம் மாடல் கையில லூசாயிடும்" என்று கேமராக்காரர் பொறுமையாக விளக்கினார். "க்ளோசப்புக்கு அவங்க கை. நீங்க சும்மா சிரிச்சுக்கிட்டு நின்னாப் போதும்."

மாப்பிள்ளையாகிய என் அண்ணன் மகன் பக்கம் அவள் திரும்பி, கையை விரித்து நீட்டினாள். குரல் உடைந்திருந்தது. "நீங்க சொல்லுங்க. இந்தக் கையிலதானே போடப் போறீங்க? உங்களுக்கும் இது அசிங்கமாத் தெரியுதா?"

அவன் கடைக் கண்ணாடியில் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தான். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன். ஒரு நாள் கூத்துதானே? எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசினா எப்படி?"

"அப்ப நான் எதுக்கு?"

கேள்வி நியாயமானதாகப் பட்டதால் குழு அங்கேயே சோபாவில் அமர்ந்து அதைத் தீவிரமாகப் பரிசீலித்தது. நாங்கள் தலைநிமிர்வதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் பெண்ணின் அப்பா எனக்குப் போன் செய்தார். "இந்தச் சம்பந்தம் வேணாங்க. என் பொண்ணு அழுதழுது ஓஞ்சு போயிட்டா" என்றார். "பத்திரிகை அடிச்சாச்சே!" என்றேன். பட்டென்று வைத்துவிட்டார். மரியாதை தெரியாத மனிதர். இதை அண்ணன் மகனிடம் சொல்லலாம் என்று போனால், முகம் வாடினால் படம் கெட்டுவிடும், மூச்சுக் காட்டக் கூடாது என்று கேமராக்காரர் உத்தரவு போட்டுவிட்டார்.

அவசரக் கூட்டம் கூடியது. கை ஏற்கனவே நம் வசம் இருப்பதால், அதோடு சேர்ந்த மீதி ஆளையும் மேடையேற்றுவது என்று தீர்மானம் நிறைவேறியது.

விழா அமர்க்களம்! மேக்கப்பை அப்பு அப்பென்று அப்பி, மாடலை மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்தினோம். "லென்ஸை மட்டும் பாருங்க சார்" என்றார் கேமராக்காரர். அவனும் கண் சிமிட்டாமல் பார்த்தான். மோதிரம் ஏறியதும் அரங்கமே கைதட்டியது. பெண் வீட்டார் ஒருவரும் வராததைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. பந்தியில் இடம் தாராளமாகக் கிடைத்த சந்தோஷம். "ஜோடிப் பொருத்தம் அபாரம்" என்று ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

சாப்பிடும்போது அண்ணன் மகன் என் காதருகே குனிந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா சித்தப்பா, கோவிச்சுக்கிட்டுப் போனவ தானா திரும்பி வந்துட்டா. சாயங்காலத்துலேர்ந்து வாயே திறக்கல. இப்பதான் எனக்கு அவளை நல்லாப் புடிச்சிருக்கு."