மச்சான் கண்ணில் படாத இரண்டு நாள்

இந்த முறை பினாங்குக்குப் போனால் ஹோட்டலில்தான் தங்குவது என்று கணேஸ்வரன் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்ததோடு நிற்கவில்லை. மனைவி கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று அதை வாய்விட்டும் சொன்னார். முதல் தடவை குரல் நடுங்கியது. மூன்றாவது தடவை பரவாயில்லை.

அவருக்கு வீடு மலாக்காவில், தஞ்சோங் கிளிங்கில். வேலை அலோர் காஜாவில், அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போவார். அந்தச் சாலை நெடுக ஹோட்டல்கள். மாடி வராந்தாக்களில் ஆட்கள் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் கோப்பியோடு நின்று, வேலைக்குப் போகிற இவரைப் பார்ப்பார்கள். மழை நாளில் இன்னும் ரசித்துப் பார்ப்பார்கள். ஒரே ஒரு காலை, தானும் அப்படி வெள்ளைத் துண்டோடு மேலே நின்று, கீழே வேலைக்கு ஓடுகிற எவனையாவது பார்த்துவிட வேண்டும். கணேஸ்வரனுக்கு வாழ்க்கையில் பாக்கியிருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதற்கு ஒரே தடை, மச்சான் இருளாண்டி.

மனைவி நளினியின் மூத்த அண்ணன். உடன்பிறந்தவர்களில் அவர் முதல், நளினி கடைசி. நடுவில் எவ்வளவு காலம் ஓடிவிட்டது என்று இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொன்னாலே தெரியும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறார். சொந்தக்காரர் இருக்கிற ஊரில் போய் ஹோட்டலில் தங்குவது என்பது, கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து எதிர்க்கடையில் மீ கோரேங் சாப்பிடுகிற மாதிரி. உறவு அறுந்துவிடும்.

இருளாண்டி நல்ல மனிதர். சிக்கலே அதுதான். வந்த விருந்தாளிக்கு ஊரைத் தானே சுற்றிக் காட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். விடியுமுன் எழுப்பிவிடுவார். "எழுந்திருங்க மாப்பிள்ளை! வெயில் ஏறினா ஊர் தெரியாது!" கையில் ஒரு கறுப்புக் குடை. மழைக்கு அல்ல, கட்டடங்களைச் சுட்டிக்காட்ட. போன முறை கொடிமலை ரயிலில் ஏறி, அந்த ரயிலின் வரலாற்றை ரயில் ஓட்டுகிறவருக்கே சொல்லிக் கொடுத்தார். சாயங்காலம் சாப்பாட்டின் நடுவே பரீட்சை வைப்பார். "இன்னிக்குப் பார்த்த கோட்டையைக் கட்டினது யாரு மாப்பிள்ளை?" பதில் தெரியாவிட்டால் மறுநாள் திரும்பவும் அங்கேதான். பிறகு ஹாலில் பாய். பக்கத்தில் ஒரு சுற்றும் விசிறி. அது ஊரையெல்லாம் பார்த்துவிட்டுக் கணேஸ்வரன் பக்கம் வருவதற்குள் அவருக்கு வேர்த்து முடிந்திருக்கும்.

"நளினி, இந்தத் தடவை ஹோட்டல்" என்றார் அன்று சாயங்காலம்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நளினி நிமிரவில்லை. "எங்க அண்ணன் வீடு இருக்கும்போதா?"

"வீடு இருக்கறதாலதான்."

"என்னது?"

"அவங்களுக்கு ஏன் சிரமம்னு சொன்னேன்."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போவாருங்க."

"தெரியாதுலா! வாட்ஸ்அப்ல படம் போடாத. யாருகிட்டயும் மூச்சு விடாத. மச்சான் கண்ணுல நாம படக்கூடாது, அவ்வளவுதான்."

நளினி கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணன் வீட்ல தங்கக் கூடாது?"

"கூடாது."

"அவரு கூட ஊர் சுத்தக் கூடாது?"

"கூடவே கூடாது."

"பினாங்குல எங்கயும் அவரைப் பார்க்கக் கூடாது. அதானே?"

"அதேதான்!"

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக ஒரு 'சரிங்க' அந்த வீட்டில் வந்ததே கிடையாது. மனிதர் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரோ வெள்ளைத் துண்டின் நினைப்பில் இருந்தார்.

ஹோட்டல் தேடும் படலம் தொடங்கியது. மற்றவர்கள் கடல் தெரியுமா, காலைச் சாப்பாடு உண்டா என்று பார்ப்பார்கள். கணேஸ்வரன் ஜெலுத்தோங்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தார்.

"இது எப்படி? கடலைப் பார்த்த ரூம்."

"அந்தக் கடற்கரையிலதான் அண்ணன் காலையில நடப்பாரு."

"அப்ப இது?"

"அங்க வாசல்ல காவலுக்கு நிக்கறவரு அண்ணனோட பழைய கூட்டாளி."

"இது? மலையடிவாரம்."

"வெள்ளிக்கிழமையானா அண்ணியைக் கூட்டிக்கிட்டுத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு அந்த வழியாத்தான் போவாரு."

"பினாங்குல உங்க அண்ணன் போகாத இடம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

நளினி கொஞ்சம் யோசித்தாள். "லிட்டில் இந்தியா இருக்கு. அண்ணனுக்குத் துணிக்கடைன்னாலே ஆகாது. அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டாரு."

அங்கேயே அறை போட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் கடலுக்குப் பதில் ஒரு சேலைக்கடை. முதல் நாள் காலை கணேஸ்வரன் வெள்ளைத் துண்டைக் கட்டி, கோப்பியோடு வந்து நின்று பார்த்தார். எதிர்மாடியில் பட்டுச்சேலை கட்டிய பொம்மைகள் ஆறேழு அவரைப் பார்த்தன. ஒன்றுகூட வேலைக்கு ஓடவில்லை. போதாக்குறைக்குக் கீழே யாரோ குடையோடு போக, கோப்பியை மார்பில் கொட்டிக்கொண்டு திரையை இழுத்து மூடினார்.

வெளியே கிளம்பும்போது தொப்பி, முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி. மத்தியானம் 'நாசி கண்டார்' கறிச்சோற்று வாசனை அவரைக் கையைப் பிடித்து இழுத்தது.

"வா நளினி, அந்தக் கடை!"

"மத்தியானமானா அண்ணன் அங்கதாங்க."

கணேஸ்வரன் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிச் சாப்பிட்டார்.

"கொடிமலைக்காவது போவோமா?"

"அண்ணன் இல்லாத கொடிமலையா?"

"அப்ப எங்கதான் போறது?"

நளினி பெருமூச்சு விட்டாள். "என்னங்க செய்யறது? துணிக்கடைதான் பத்திரம்."

அப்படியாகப் பினாங்கின் அழகையெல்லாம் கணேஸ்வரன் துணிக்கடைகளுக்குள் கண்டார். காட்டன் கண்டார், சில்க் கண்டார், ஜார்ஜெட் கண்டார். இரண்டு கையிலும் பை ஏறியது. கைகள் தீர்ந்ததும் கழுத்தில் ஒன்று. ஒரு கடையில் வாசலோரம் கறுப்புக் குடை தெரிந்ததும், பைகளோடு சேலை அடுக்குக்குப் பின்னால் பாய்ந்தார்.

"அங்கிள், ஆம்பளைங்க டாய்லெட் மேல" என்றாள் கடைப்பெண்.

இருந்தும், மறுநாள் மலாக்கா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

"பார்த்தியா? ரெண்டு நாள்! மச்சான் கண்ணுல பட்டோமா?"

"நீங்க கெட்டிக்காரருங்க" என்றாள் நளினி. புதுச்சேலைப் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னாள்.

வாடகைக் கார் வீட்டு வாசலில் நின்றது. கணேஸ்வரன் பைகளைச் சுமந்தபடி இறங்கினார். கேட்டில் ஒரு கறுப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது.

மெதுவாகத் தலையைத் தூக்கினார். அவருடைய மாடி வராந்தாவில், அவருடைய வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு, அவருடைய கோப்பையில் கோப்பி குடித்தபடி இருளாண்டி நின்று அவரைப் பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க! உள்ள வாங்க!"

கணேஸ்வரனுக்குக் கழுத்துப் பை கனத்தது. "எப்ப வந்தாரு?" என்று பல்லைக் கடித்தார்.

"நாம கிளம்பின அன்னிக்கே. சாவியைப் பக்கத்து வீட்டு ஃபாஹிமாக்காகிட்ட குடுத்துட்டுத்தானே வந்தேன்."

"அப்ப அந்த நாசி கண்டார் கடை?"

"எப்பவும் போவாரு. இந்த ரெண்டு நாளுதான் இங்க இருந்தாரே."

"அடியே! அவரை எதுக்கு இங்க கூப்பிட்ட?"

"நீங்கதானே பினாங்குல அவரைப் பார்க்கக் கூடாதுன்னீங்க. அவரு அங்க இருந்தாத்தானே பார்ப்பீங்க? ஹோட்டல்ல தங்கறோம்னதும் முதல்ல கோவப்பட்டாரு. 'அண்ணே, நாங்க இல்லாதப்ப வீட்டைப் பார்த்துக்க உங்களை விட்டா யாரு இருக்கான்னு அவருதான் கேட்கச் சொன்னாரு'ன்னேன். போன்லயே அழுதுட்டாருங்க."

"எத்தனை நாளைக்கு இருப்பாரு?"

"நீங்க போகச் சொல்ற வரைக்கும்."

அதைச் சொல்லக்கூடிய ஆண் அந்தக் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை.

உள்ளே மாடி அறையில் மச்சானின் பெட்டிகள். ஹாலில் அண்ணி முனியம்மா ஏற்கனவே பாய் விரித்து, பக்கத்தில் சுற்றும் விசிறியையும் வைத்திருந்தார். "தம்பி களைச்சுப் போயி வருவாருன்னு போட்டு வச்சேன்" என்றார் அன்பாக.

இருளாண்டி குடையை எடுத்துக்கொண்டு வந்து கணேஸ்வரன் தோளில் கை போட்டார்.

"பாவம் மாப்பிள்ளை நீங்க. ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடியே பிறந்த ஊரைச் சரியாப் பார்த்திருக்க மாட்டீங்க. நாளைக்கு விடியறதுக்கு முன்ன எழுந்துருங்க. மலாக்காவை நான் சுத்திக் காட்டுறேன்."