பேத்திக்குப் பெயரும் லாக் ஃபைலுக்குப் பெயரும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கே நான் ஒருவன்தான் என்பதால் எல்லோரும் சௌக்கியம். தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் தலைசுற்றலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தால் மறுபடி கூடினால் மன்னிக்கவும்.

"பெத்த பொண்ணுக்குப் பேர் வைக்க மூணு மாசமா மாப்ளே?" என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும் என்பதும், அதுவரை உங்கள் மகள் என்னோடு பேசப் போவதில்லை என்பதும் நன்றாகவே புரிந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்வது டேட்டாபேஸ். தான் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் அது ஒரு ஃபைலில் குறித்துக்கொண்டே வரும், அதுதான் லாக். நடுவில் நின்றுபோனால் அதைப் பார்த்துத்தான் விட்ட இடத்தைப் பிடிக்கும். அந்த ஃபைலுக்குப் பெயர் வைப்பதும், ஃபைல்களைத் திறக்க, எழுத, மூட ஃபங்ஷன்கள், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகள், எழுதுவதும் என் பொறுப்பு. பெயரை ஒரே நாளில் வைத்துவிட்டேன் மாமா: லாக்1, லாக்2. மேனேஜர் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, பேரப் பாத்தா உள்ள என்ன இருக்குன்னு தெரிய வேணாமா?" என்று ஒரு கமிட்டி போட்டார். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி கமிட்டியில் யார் சொன்னதையும் நீக்கக் கூடாது, சேர்க்கத்தான் செய்யலாம். ஒருவர் தேதியும் நேரமும் போடச் சொன்னார். இன்னொருவர், கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் ஒரே பெயர் இரண்டு தடவை வந்துவிடுமே, நம்பரும் போடு என்றார். மூன்றாமவர் எந்த மெஷின், எந்த மாடி என்றார். டெஸ்டிங் பார்க்கும் அம்மா மட்டும், "பேருங்கறது கூப்பிடறதுக்குங்க, சுயசரிதை எழுதறதுக்கில்ல" என்றார். அவரை அடுத்த மீட்டிங்குக்குக் கூப்பிடவில்லை.

இப்படிப் பதினோரு வாரம். மீட்டிங்குக்கு நடுவே திறக்கும் ஃபங்ஷனையும் எழுதும் ஃபங்ஷனையும் முடித்தேன். மூடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வீட்டில் நான் திறந்துபோட்ட அலமாரி, குழாய், டூத்பேஸ்ட் எல்லாவற்றையும் பின்னாலேயே வந்து, திட்டிக்கொண்டே மூடியவள் உங்கள் மகள். ஆபீஸில் எனக்கு அப்படி யாரும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை டேட்டாபேஸ் ஓடுவதைப் பார்க்க வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அன்று காலை மேனேஜர், "அவங்க கம்பெனி பேரையும் சேத்துடு, மரியாதையா இருக்கும்" என்றார். சேர்த்தேன். பத்து நிமிஷம் ஜோராக ஓடியது. பிறகு, திறந்து மூடாத ஃபைல்கள் குவிந்து, இனி ஒன்றையும் திறக்க மாட்டேன் என்று டேட்டாபேஸ் நின்றுவிட்டது. "லாக்கப் பாருப்பா!" என்று மேனேஜர் கத்தினார். பார்த்தால் லாக்கே இல்லை. பெயர் இருநூற்றைம்பத்தைந்து எழுத்தைத் தாண்டினால் கம்ப்யூட்டர் ஃபைலையே உருவாக்காதாம். அப்படி உருவாகாவிட்டால் அந்தத் தவறைக் குறித்துவைக்க ஏற்பாடு செய்திருந்தேன் மாமா. லாக்கில்தான். வந்தவர்களில் ஒருவர் மெதுவாக, "பேரு பிரமாதம் சார், ஃபைல் எங்க?" என்று கேட்டார்.

மூடும் ஃபங்ஷனை முடிக்கும்வரை எனக்கு லீவு கிடையாது. பெற்ற மகளை இரண்டே தடவை பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆகவே நேற்று தனியாக உட்கார்ந்து, ஒருவரையும் கேட்காமல், அவளுக்குச் சின்னதாக, லட்சணமாக ஒரு பெயர் முடிவு செய்துவிட்டேன். தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இனி மாற்றமே கிடையாது.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் மகளுக்கு என் அன்பு, வாங்கிக்கொண்டால். பேத்திக்கு என் முத்தங்கள், கணக்கில்லாமல்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு. (உறையின் பின்பக்கத்தில்): மாமா, உறையை ஒட்டிவிட்டேன், தனித்தாள் மேசைமேலேயே இருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை ஒழுங்காக மூடியிருக்கிறேன், பிரிக்க மனசு வரவில்லை. பெயரை இங்கேயே எழுதலாம் என்றால் இடம் போதாது: உங்கள் பெயர், அத்தை பெயர், என் அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நம்பர். இதை எழுதும்போதே எனக்கு உறைத்தது, அந்தத் தாளை எடுத்துக் கிழித்துவிட்டேன். உங்கள் மகள் குழந்தையை என்ன சொல்லிக் கொஞ்சுகிறாளோ, அதையே பதிந்துவிடுங்கள். அது என்னவென்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வந்ததும் நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.