உலைமேல் காய்ந்த சோப்பு

வின்னிபெக்,
12 பிப்ரவரி 1994, சனிக்கிழமை

அன்புள்ள ஓலேனா அக்காவுக்கு,

தம்பி ஓரெஸ்ட் எழுதுவது. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. உள்ளே எல்லோரும் சௌக்கியம். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு நடக்கும் கட்டடத்தின் கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறேன். மகள் லாரிசா மேலே தேர்வு எழுதுகிறாள். எனக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை. காப்பிதான் ஐந்தாவது கோப்பை. போன வருடம் எழுத்துத் தாள்களில் நல்ல மதிப்பெண் வாங்கியும் சோப்பு செதுக்குவதில் கவிழ்ந்தாளே, நினைவிருக்கும். கைத்திறன் பார்க்க, படத்தில் உள்ளபடி அரை மணி நேரத்தில் ஒரு சோப்புக் கட்டியைக் கத்தியால் செதுக்க வேண்டும். இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது அவளுடையது இரண்டாய்ப் போயிற்று. இந்தத் தடவையும் போனால் மூன்றாம் தடவை எழுத மாட்டேன், ஊரிலேயே கர்லிங் பனி விளையாட்டு அரங்கத்தில் உருளைக்கிழங்கு பொரித்து விற்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள், அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

அக்டோபரிலிருந்து வீடு முழுக்கச் சோப்புச் சீவல். வீணாக்குவானேன் என்று நதால்கா அதைக் கிண்ணத்தில் சேர்த்து வைத்தாள். பெண்டாட்டியைக் குறை சொல்லவில்லை, ஆனால் சர்ச் விற்பனைக்குப் பெரோகிக் கொழுக்கட்டை செய்த அன்று அவளே அந்தக் கிண்ணத்தைப் பாலாடைக்கட்டி என்று நினைத்து உருளைக்கிழங்கோடு பிசைந்துவிட்டாள். முதல் ஈட்டில் இரண்டு தின்ற ஃபாதர் போஹ்தான், "வாசனையா இருக்கும்மா" என்று மட்டும் சொல்லித் தண்ணீர் கேட்டார். இரண்டாம் ஈட்டில் பானை நுரை பொங்கி அடுப்பை அணைத்தது. "யாருடி இதுல துணி துவைக்கிறது?" என்று சர்ச் பெண்கள் கேட்டது தெரு வரை கேட்டதாம்.

அது போகட்டும். நான் எழுத வந்தது வேறு. முப்பத்தொரு வருடம் தானியக் கிடங்கில் ஈரம் பார்த்தவன் நான். ஈரக் கோதுமையோடு வந்த எத்தனையோ லாரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சோப்பும் ஈரத்தால்தான் கெடுகிறது என்று நானாக முடிவு கட்டி, ஜனவரி முழுக்கப் புதுக்கட்டிகளை அவளுக்குத் தெரியாமல் பிரித்து, வீட்டைச் சூடாக்கும் நிலவறை உலைமேல் தகட்டில் காயவைத்து, மறுபடி உறையில் போட்டு அவள் மேசையில் அடுக்கினேன். இருபத்துமூன்று கட்டி உடைந்தது.

"அப்பா, என் கையிலதான் ஏதோ கோளாறு. கத்தி வச்சாலே உடையுது."

"கைக்கு என்னம்மா? இன்னொண்ணு எடு, நல்லாக் காஞ்சது."

இன்று காலை, தேர்வுக்காக வந்து தங்கிய விடுதியில் முகம் கழுவும்போது அந்த ஊர்பேர் தெரியாத சோப்பில் என் நகம் சும்மா இறங்கியது. குழாயை மூடாமலே கணக்குப் போட்டேன்: ஈரமுள்ள சோப்புதான் வெட்ட வரும், நான் காயவைத்ததால்தான் அத்தனையும் உடைந்தது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தேர்வில் கவனம் சிதறும். அக்கா, என் பெண்ணின் தைரியத்தைக் கெடுத்தவன் நான்தான். வெட்கமாக இருக்கிறது. எனக்கு வாய் வராது, லாரிசாவிடமும் நதால்காவிடமும் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உன் பூனைக்கும் விசாரிப்பு.

இப்படிக்கு,
அறிவில்லாத தம்பி
ஓரெஸ்ட்

பி.கு.: லாரிசா இறங்கி வந்துவிட்டாள். ஓடி வந்தாள். "வெண்ணெய் மாதிரி வெட்டுச்சுப்பா! வீட்ல கருங்கல்லோட மல்லுக்கட்டிட்டு வந்தேனா, இங்க கத்தி தானாப் போகுது. ஒரு மூலைகூட உதிரல, நாலு நிமிஷம் மிச்சம்! ஆமா, அந்தப் பாழாப்போன சோப்பை எந்தக் கடையில வாங்கினீங்க?"

ஆகவே ஒரு திருத்தம். அதை நான் வேண்டுமென்றேதான் செய்தேன். முதல் நாளிலிருந்தே திட்டம். நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்; நானே சொல்லத் தொடங்கிவிட்டேன். உலைமேல் காயவைத்த கதையை எழுதிய பக்கத்தை மட்டும் உடனே அடுப்பில் போடு. கையெழுத்துக்கு மேலே இருக்கிற 'அறிவில்லாத' என்பதையும் அடித்துவிடு.