இருபத்திரண்டாம் பொதுச்சங்கமும் இருபத்து நான்கு தோள்களும்

திருச்சபையின் நீண்ட சரித்திரத்தில் உலகத்து ஆயர்கள் கூடும் பொதுச்சங்கங்கள் இருபத்தொன்று கூடியதாகப் படித்தவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. எங்கள் ஊருக்குப் பேருந்து வருவதே ஒருநாள் விட்டு ஒருநாள். செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. இருபத்திரண்டாவது பொதுச்சங்கம், குவாத்தமாலா மலைநாட்டில், சான் கிறிஸ்தோபல் லாஸ் நூபெஸ் பங்கு மண்டபத்தில், ஜூலை மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூடியது.

வந்திருந்தோர், அமர்ந்த இடத்தோடு: மெத்தை போட்ட ஒரே நாற்காலியில் திருவிழாக் குழுத் தலைவி டோன்யா ரெஃபூகியோ. அவருக்கு வலப்புறம், ரொட்டித் தட்டுக்குக் கை எட்டும் தூரத்தில், துணைத் தலைவரும் மருந்துக் கடைக்காரருமான டோன் வெனான்சியோ. இடப்புறம், சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே, பங்குத் தந்தை லாதிஸ்லாவோ. முப்பத்தொரு கிராமத்துக்கு அவர் ஒருவரே சாமியார், எந்தக் கிராமத்திலும் அவர் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். மேசையின் கடைக்கோடியில், பிள்ளைகளின் ஞானோபதேச வகுப்பிலிருந்து இழுத்துவந்த குட்டிப் பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க, செயலாளர் எவாரிஸ்தோ. வாசற்படியில், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே, ஓபேத். இவர் எவாரிஸ்தோவின் மனைவிக்குத் தம்பி; சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவர்; பெந்தெகோஸ்தே சபைக்காரர். திருவிழாக் கஞ்சிக்குச் சோள மூட்டை இறக்க வந்தவர், இறக்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். சங்கத்தில் அவருக்கு இடமில்லை, படியில் இருந்தது.

வராதவர்: ஊரின் பாதுகாவலர் புனித கிறிஸ்தோபல். விவாதம் அவரைப் பற்றியது என்பதால் நாகரிகம் கருதிப் பக்கத்துக் கோயிலில் பீடத்திலேயே நின்றுகொண்டார்.

எவாரிஸ்தோ நகராட்சியில் முப்பது வருடம் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவர். 'பொருள்', 'பார்வை' என்று இரண்டு வரி போடாமல் மனைவிக்குக் கூடச் சீட்டு எழுதமாட்டார். அன்றைய பொருளை அவரே எழுந்து வாசித்தார். ஆயர் இல்லத்துச் சுற்றறிக்கை: தொடர்ந்து மூன்று ஆண்டு பாதுகாவலர் பவனி நடக்காத பங்கு 'உயிரோட்டமற்றது' எனக் கருதப்படும், பாதுகாவலரின் சொரூபம் அண்டைப் பங்குக்கு மாற்றப்படும், கோயில் பூட்டப்படும்.

அண்டைப் பங்கு என்றால் சான் ரஃபாயேல். அங்கே எங்கள் புனிதருக்கு மாடம் கட்டி, சுண்ணாம்பும் அடித்து வைத்துவிட்டதாகக் கேள்வி.

இரண்டு ஆண்டுகள் ஏற்கெனவே போய்விட்டன. முதலாண்டு மழை பெய்ததால் பவனி நடக்கவில்லை. மறு ஆண்டு மழை பெய்யக்கூடும் என்பதால் நடக்கவில்லை.

மழையைவிடப் பெரிய சங்கடம் தோள். குழந்தை இயேசுவைத் தோளில் வைத்து ஆற்றைக் கடத்திய புனிதர் அவர். சொரூபம் ஏழடி உயரம், தேவதாரு மரம், சப்பரத்தோடு சேர்த்தால் இருபத்து நான்கு தோள் வேண்டும். பங்குப் பதிவேட்டில் ஆண்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். பாரம் தூக்கக்கூடாது என்று மருத்துவச் சான்று கொடுத்தவர்களும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். இவ்வளவு ஒற்றுமையுள்ள ஒரு பங்கு வேறெங்கும் இருக்காது. சான்றுகள் அனைத்திலும் முத்திரை டோன் வெனான்சியோவுடையது, கையெழுத்து எவாரிஸ்தோவுடையது. முதல் சான்று எவாரிஸ்தோவுக்கே எழுதியது. மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதச் சொன்னார்கள்.

"அது அப்புறம்," என்றார் டோன்யா ரெஃபூகியோ. "முதல்ல அந்தப் படிவத்தை முடிப்போம். யோவ் எவாரிஸ்தோ, ஏழாவது கேள்வியைப் படி."

சுற்றறிக்கையோடு இணைத்திருந்த படிவத்தில் ஏழாம் கேள்வி இது: 'கத்தோலிக்க விசுவாசம் பிற கிறிஸ்தவ சபையாரின் விசுவாசத்திலிருந்து எவ்விதம் வேறுபடுகிறது என்பதை உங்கள் பங்கு மக்கள் அறிவார்களா? விளக்குக.'

ஆழ்ந்த இறையியல் ஆராய்ச்சியாக ரொட்டித் தட்டு மேசையை ஒருமுறை சுற்றிவந்தது.

"அவங்க குடிக்கமாட்டாங்க," என்றார் தலைவி கடைசியில்.

எவாரிஸ்தோ எழுதிக்கொண்டார்.

"பாட்டு சத்தமா பாடுவாங்க," என்றார் டோன் வெனான்சியோ. "ஒலிபெருக்கி வேற. ஆமா, நம்மகிட்ட அமலோற்பவம்னு ஒண்ணு இருக்கே, அதைப் போடு. இயேசு சாமி கன்னிகிட்ட பிறந்தாரே, அது."

"அது இல்லீங்க அமலோற்பவம்," என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். ஓபேத் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"கன்னிகிட்ட பிறந்தாருன்னு நாங்களும்தான் நம்புறோம். அமலோற்பவம்னா மரியாளே அவங்க அம்மா வயித்துல ஜென்மப்பாவம் இல்லாம உண்டானாங்கங்கிறது. அது உங்களுது. நான் நம்பல. ஆனா என்னன்னு தெரியும்."

டோன் வெனான்சியோ சாமியாரைப் பார்த்தார். சாமியார் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து, "சரியாத்தான் சொல்றாரு," என்றார், கொஞ்சம் சோகமாக.

"வேற என்ன மச்சான்?" என்று எவாரிஸ்தோ மெல்லக் கேட்டார், பேனா தயாராக.

ஓபேத் மூட்டை எண்ணுகிற மாதிரி விரல் மடக்கினார். "செத்தப்புறம் மிச்சப் பாவம் கழுவுற உத்தரிக்கிற ஸ்தலம், உங்களுக்கு உண்டு, எங்களுக்கில்ல. தேவதிரவிய அனுமானம்ங்கிற சடங்கு உங்களுக்கு ஏழு. நாங்க ஞானஸ்நானம், திருவிருந்து, ரெண்டோட நிறுத்திக்கிட்டோம். உங்களுக்கு அப்பம் நெசமாவே கிறிஸ்துவோட சரீரமாயிடுது. எங்களுக்கு அது நினைவுகூருறது. லுத்தரன்காரங்க கணக்கு வேற, அதை இப்ப இழுக்க வேணாம். பாவத்தை நீங்க சாமியார் காதுல சொல்லுவீங்க, நாங்க நேரா ஆண்டவர்கிட்ட. போப்பாண்டவர் விசுவாசத்தைப் பத்தி அதிகாரபூர்வமா அறிவிச்சா அதுல தப்பு வராதுங்கிறீங்க. அவர் பேசுற எல்லாத்துக்கும் இல்ல, அதுக்கு மட்டும். எழுதிக்கிட்டீங்களா அத்தான்?"

"மெதுவா சொல்லு. 'அதுக்கு மட்டும்' வரைக்கும் ஆச்சு."

"உனக்கெப்படிய்யா இதெல்லாம் தெரியும்?" என்று தலைவி அதட்டினார், ஏதோ வீட்டுப் பாத்திரம் காணாமல்போய் ஓபேத்தின் மடியில் கிடைத்ததுபோல.

"உங்களை மறுத்துப் பேசணும்னா உங்களைப் படிக்கணுமில்ல டோன்யா?"

நடவடிக்கைக் குறிப்பில் இது, 'பார்வையாளர் ஒருவர் சில சிறு விவரங்களை நினைவூட்டினார்' என்று பதிவாகியிருக்கிறது.

அடுத்தது தோள். எவாரிஸ்தோவுக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. பிற்பாடு அந்த யோசனைக்கு டோன்யா ரெஃபூகியோ உரிமை கொண்டாடினார், அதற்கும் பிற்பாடு கைகழுவினார். "மச்சான், உங்க ஆளுங்க எத்தனை பேரு?"

"முப்பது. ஏன்?"

"தூக்குவீங்களா?"

ஓபேத் யோசித்தார். "உங்களுக்கு அது புனிதர். எங்களுக்கு மரம். மரத்தைத் தூக்குறதுல பாவம் என்ன இருக்கு? தினமும் முட்டைக்கோஸ் தூக்குறோம். மண்டி போடச் சொல்லாம இருந்தா சரி."

"மரமா!" டோன்யா ரெஃபூகியோவின் கை நெஞ்சுக்குப் போனது. "சாமி, கேட்டீங்களா? நம்ம சான் கிறிஸ்தோபல் மரமாம்!"

பங்குத் தந்தை தொண்டையைச் செருமினார். "டோன்யா, சொரூபம் மரந்தாம்மா. நாம வணக்கம் செலுத்துறது மரத்துக்கு இல்ல, அது காட்டுற புனிதருக்கு. அவரையும் நாம ஆராதிக்கிறதில்ல. நமக்காக வேண்டிக்கச் சொல்லிக் கேக்கிறோம், அவ்வளவுதான். திருச்சபை எப்பவும் அப்படித்தான் சொல்லுது."

தலைவி முகம் வெளுத்தது. "சாமி... நீங்களுமா அந்தப் பக்கம் போயிட்டீங்க?"

"இல்லம்மா, நான் சொல்றதுதான் கத்தோ..."

"எவாரிஸ்தோ, சாமி சொன்னதைக் குறிப்புல ஏத்தாதே. பாவம், முப்பத்தொரு ஊரு அலையிறாரு. களைப்பு."

இவ்வாறு திருச்சபைப் போதனை, திருச்சபையின் நன்மை கருதி, ஏகமனதாக நீக்கப்பட்டது.

பிறகு எவாரிஸ்தோ இரண்டு பிரதிகளில் ஒப்பந்தம் எழுதினார். ஒன்று: தூக்குவோர் சிலுவை அடையாளம் போடவேண்டியதில்லை. இரண்டு: பவனிப் பாதையில் எவரும் 'மரம்' என்ற சொல்லை உரக்கச் சொல்லலாகாது. மூன்று: தூக்குவோர் தங்கள் பாட்டைத் தாழ்ந்த குரலில் பாடலாம். நான்கு: கோயிலை விட்டு இறங்கிய புனிதரின் சப்பரம் மீண்டும் கோயில் சேரும்வரை தரையைத் தொடலாகாது. இது எங்கள் ஊரின் மிகப் புனிதமான வழக்கம். ஓபேத் பட்டியலில் அது இல்லையே என்று தலைவிக்கு அவர்மேல் கொஞ்சம் இளக்காரம்கூட வந்தது. ஓபேத் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் கையெழுத்திட்டார். டோன்யா ரெஃபூகியோ படிக்காமல் இட்டார்.

ஜூலை இருபத்தைந்தாம் தேதி பவனி புறப்பட்டது. அதன் சிறப்பை வர்ணிக்க இந்த ஏழை எழுத்துக்கு வலுவில்லை. முன்னால் மாரிம்பா வாத்தியம். அதன் பின்னால், பயணிகளைக் காக்கும் புனிதர் என்பதால் சாமியாரிடம் மந்திரிக்கப்படுவதற்காகக் காகிதப்பூ கட்டிய பேருந்துகளும் முட்டைக்கோஸ் லாரிகளும். நடுவில், இருபத்து நான்கு பெந்தெகோஸ்தே தோள்களில் புனித கிறிஸ்தோபல், இருபது வருடத்தில் முதல்முறையாக ஒருபக்கம் சாயாமல். பின்னால் அறுநூறு கத்தோலிக்கர்கள், மெழுகுதிரியும் கைபேசியுமாக. "பாத்தீங்களா நம்ம விசுவாசத்தை!" என்று டோன் வெனான்சியோ வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். சான் ரஃபாயேலிலிருந்து வேவு பார்க்க வந்த இருவர் முகம் தொங்கிப்போய் நின்றதை எவாரிஸ்தோ கண்ணாரக் கண்டார். புனிதர் எங்கும் போகமாட்டார். கோயில் பூட்டப்படாது.

சந்தை முக்கில் திரும்பும்போது மழை பிடித்தது.

மலைநாட்டு மழை முன்னறிவிப்புச் செய்வதில்லை. ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிப்பதற்குள் வீதியில் ஒரு கத்தோலிக்கர் இல்லை. செங்கடல் பிளந்தபோதுகூட இவ்வளவு ஒழுங்காகப் பிளந்திருக்காது: பாதிப் பேர் இடப்பக்கத்து மருந்துக் கடைக்குள், பாதிப் பேர் வலப்பக்கத்து ரொட்டிக்கடைத் தாழ்வாரத்தில். சாமியார் ஒரு லாரியின் முன்னிருக்கையில் ஏற்றப்பட்டார். மாரிம்பா ஒரு மேசைக்கு அடியில் போனது.

வீதி நடுவில் சப்பரமும், அதன் கீழ் இருபத்து நான்கு பேரும் மட்டும்.

"டோன்யா!" என்று ஓபேத் மழைக்கு மேல் கத்தினார். "என்ன செய்யணும்?"

"நனைய விடாதீங்க!" என்று மருந்துக் கடைக்குள்ளிருந்து டோன்யா ரெஃபூகியோ உத்தரவிட்டார். "பழமையான வர்ணம்!"

ஓபேத் ஒரு கையால் சப்பரத் தண்டைப் பிடித்தபடி, மறுகையால் சைகை காட்டி, லாரியோடு வந்த தன் மற்ற ஆட்களிடமிருந்து முட்டைக்கோஸ் மூடும் நெகிழித்தாள் வரவழைத்தார். அவர்களில் ஒருவன் சப்பரத்தில் ஏறி அதைப் புனிதரின் தலையிலிருந்து குழந்தை இயேசுவின் தலைவரை இழுத்து மூடினான். தங்களுக்கு எதுவும் மூடவில்லை, கை ஒழியவில்லை.

எவாரிஸ்தோ தாழ்வாரத்தில் இருந்தார். ஒரு காலை எடுத்து வீதியில் வைத்தார். சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அவருக்குத் தன் மருத்துவச் சான்று நினைவுக்கு வந்தது. சட்டப்படி செல்லுபடியாகும் ஆவணம். காலை எடுத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம். மழை விடவில்லை. பிறகு ஓபேத் ஏதோ சொன்னார்; இருபத்து நான்கு பேரும் கால் மாற்றி, தங்கள் பாட்டைத் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் மேட்டுத்தெரு ஏறிக் கோயிலுக்குப் போனார்கள். கூட யாரும் போகவில்லை.

மழை விட்டதும் எவாரிஸ்தோ கோயிலுக்கு ஓடினார். புனிதர் பீடத்தில் நின்றார். இரண்டு பேர் தங்கள் சட்டையைக் கழற்றி அவர் பாதத்தை ஈரம் போகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கீழ வெச்சுட்டு நீங்களும் ஒதுங்கியிருக்கலாமே மச்சான்," என்றார் எவாரிஸ்தோ.

ஓபேத் பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருந்தார். "நீங்கதானே அத்தான் எழுதிக் குடுத்தீங்க, தரையைத் தொடக்கூடாதுன்னு."

"அது... சும்மா ஒரு வழக்கம்."

"எழுதினது எழுதினதுதான். எங்களுக்கும் உங்களுக்கும் சண்டையே வழக்கம் பெருசா, வேதத்துல எழுதினது பெருசாங்கிறதுல தானே?"

மறுநாள் காலை படிவத்தை நிரப்ப எவாரிஸ்தோ உட்கார்ந்தார். டோன்யா ரெஃபூகியோ வீட்டுக்கே வந்து நின்றபடி சொன்னார்: "கடைசிக் கேள்வி இருக்கு பாரு, எட்டாவது. பவனி கோயில் திரும்பியபோது உடனிருந்த கத்தோலிக்கர் எத்தனைன்னு. ஆளில்லாட்டி பவனி நடந்ததாவே கணக்கில்லையாம். ஐந்நூறுன்னு போடு. வேணாம், ஐந்நூத்திப் பன்னெண்டு. அப்பத்தான் நம்புவாங்க. குறைச்சு எழுதி வெச்சே, சான் ரஃபாயேல்காரன் நாளைக்கே லாரி கொண்டாந்துருவான், ஆமா."

"சரிங்க டோன்யா," என்றார் எவாரிஸ்தோ. அவர் போகும்வரை காத்திருந்தார்.

பிறகு ஏழாம் கேள்விக்கு எழுதிவைத்திருந்த ஒன்றரைப் பக்கத்தை, உத்தரிக்கிற ஸ்தலம் முதல் போப்பாண்டவர் வரை, ஒரே கோட்டில் அடித்தார். அதன் கீழே தெளிவான பதிவேட்டுக் கையெழுத்தில் எழுதினார்: 'அறியோம். அறிந்த ஒருவரைக் கேட்டோம். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். மற்றபடி எம் பங்கில் நேரில் கண்ட வேறுபாடு: அவர்கள் அதை மரம் என்று நம்புகிறார்கள், மழையில் விட்டு ஓடவில்லை. நாங்கள் அவரைப் புனிதர் என்று நம்புகிறோம். கீழே கையொப்பமிடும் செயலாளர் ரொட்டிக்கடைத் தாழ்வாரத்தில் இருந்தார்.'

எட்டாம் கேள்விக்கு வந்தார். சான் ரஃபாயேலின் சுண்ணாம்பு அடித்த மாடம் கண்ணுக்கு முன் வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு சான்றுகளும் வந்தன. எழுதினார்:

'ஒருவர். அவரையும் பிறர்தான் தூக்கி வந்தார்கள்.'

முறைப்படி கையொப்பம், தேதி, பங்கு முத்திரை. படிவத்தை மூன்றாக மடித்து உறையிலிட்டு, பசை தடவி, ஓரத்தை நகத்தால் இரண்டுமுறை அழுத்தி ஒட்டினார். அன்று பேருந்து வரும் நாள். நடத்துநர் கையில் உறையைக் கொடுத்து, பேருந்து வளைவு திரும்பி மறையும்வரை, திரும்பக் கேட்டு வாங்கிவிடக் கூடாதென்று இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.