நாற்காலிப் பள்ளத்துக்கு இரண்டு சாட்சிகள்

1911ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, லிங்கன்ஷயரின் சிறிய சந்தை ஊரொன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியையான திருமதி ஹாரியட் பிஞ்ச்பெக், அகராதி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்தார். பேசுவதற்கு வீட்டில் வேறு எவரும் இல்லாததால், அதை உரக்கப் படித்தார்.

"'ஃபார்ம்' என்ற சொல்லுக்குத் தாங்கள் எழுதியனுப்பிய புதிய பொருள் அச்சில் வந்ததற்குச் சான்று இல்லை. வெவ்வேறு இருவர் எழுதி அச்சேறிய இரண்டு வாக்கியங்கள் தேவை. அந்தப் பக்கம் ஏப்ரல் 7 அன்று அச்சுக்குப் போகிறது. கோட்ஸ், துணைப் பதிப்பாசிரியர்."

லத்தீனில் உருவத்தைக் குறித்த அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் வடிவம், பள்ளி வகுப்பு, நீண்ட பெஞ்சு, நிரப்பிக் கொடுக்கும் தாள் எனப் பல பொருள்கள் உண்டு. காட்டுமுயல் படுத்தெழுந்த புல்லில் அதன் உடல் பதிந்த பள்ளத்துக்கும் அதுவே பெயர். திருமதி பிஞ்ச்பெக்கின் கணவர் வால்டர் மட்டும், மனிதர் எழுந்துபோன மெத்தையில் தங்கும் வெதுவெதுப்பான பள்ளத்தையும் அப்படியே அழைத்தார்.

"மனுஷங்க என்ன முயலா?" என்று முப்பத்தோரு ஆண்டுகள் அவரைத் திருத்தினார் மனைவி. "அச்சுல காட்டுங்க, ஒத்துக்கறேன்."

வால்டர் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய நாற்காலி மெத்தையில் பள்ளம் அப்படியே இருந்தது. திருமதி பிஞ்ச்பெக் அதில் அமர்ந்ததில்லை; எவரையும் அமர விட்டதுமில்லை. அதற்கு வேறு பெயர் கிடையாது என்பதை இப்போதுதான் கண்டுகொண்டிருந்தார்.

முதல் சான்றைத் தாமே உண்டாக்கினார். ஊர் வார இதழில் ஒரு விளம்பரம் கொடுத்தார்: "காலஞ்சென்ற என் கணவரின் ஃபார்ம் நாற்காலியில் இன்னும் உள்ளது; அது கலையவில்லை."

இதழார் அதைப் 'பழைய மரச்சாமான்கள் விற்பனைக்கு' என்ற தலைப்பின்கீழ்ப் போட்டுவிட்டனர். பிழைகள் மலிந்த அந்த விளம்பரப் பக்கத்தைத் தம் வாழ்நாளில் திருமதி பிஞ்ச்பெக் படித்ததேயில்லை. ஆகவே, சனிக்கிழமை கசாப்புக்கடைக்காரர் கதவைத் தட்டும்வரை செய்தி தெரியவில்லை.

"நாற்காலி எங்கம்மா?"

"அது விக்கறதுக்கு இல்ல."

"பேப்பர்ல போட்டிருக்கே! இருங்க, உக்காந்து பாத்துடறேன். அப்புறம் சண்டை வரக் கூடாது பாருங்க."

இரண்டு ஆள் எடையுள்ள மனிதர், தடுப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார். இருமுறை குதித்தும் பார்த்தார்.

"ஸ்பிரிங் போயிடுச்சும்மா. எனக்கு வேணாம்."

அவர் எழுந்தபோது மெத்தையில் பதிந்திருந்தது கசாப்புக்கடைக்காரர். வால்டர் இல்லை. இனி மிஞ்சியது சொல் மட்டுமே.

இரண்டாம் சான்றுக்காக, 'ஒரு விவசாயி' என்ற பெயரில் அதே இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார் திருமதி பிஞ்ச்பெக். அதுவும் அச்சேறியது. இரண்டையும் வெட்டி அலுவலகத்துக்கு அனுப்பினார். கோட்ஸ் பதில் எழுதினார்:

"விவசாயியும் தங்களைப் போலவே அரைப்புள்ளியை மிகக் கண்டிப்புடன் இடுகிறார். இருவரும் ஒருவரே என அஞ்சுகிறோம். இதனால் தங்கள் முதல் சான்றும் ஐயத்துக்குரியதாகிறது."

நாற்காலிப் பள்ளமும் போயிற்று, நற்பெயரும் போயிற்று. ஏப்ரல் 5 அன்று இதழ் அலுவலகத்துக்கே நேரில் சென்றார். விளம்பரம் வாங்கும் மேசையில் அவருடைய பழைய மாணவி மேபல் டாப்ளிஸ் இருந்தாள்.

"மேபல், நீ ஒரு வாக்கியம் எழுதணும்."

"ஐயோ டீச்சர், இத்தனை வருஷம் கழிச்சு இம்போசிஷனா?"

"ஒண்ணே ஒண்ணு. இந்தச் சொல் அதுல வரணும்." எதற்கென்று விளக்கினார்.

மேபல் அவரையே பார்த்தாள். "இதுக்கு நான் எதுக்கு டீச்சர்? சார் போட்டதே இருக்கே."

"எந்த சார்?"

மேபல் பழைய இதழ்களின் தொகுப்பை இறக்கி, 1906 பிப்ரவரியைப் புரட்டி, விளம்பரப் பக்கத்தின் ஒரு மூலையில் விரல் வைத்தாள்.

"என் மனைவி ஐந்து மணிக்கே எழுந்து கட்டுரை நோட்டு திருத்தப் போய்விடுகிறாள் அவள் ஃபார்ம் ஆறு மணிவரை சூடாக இருக்கிறது நான் அதில் நகர்ந்து படுத்துக்கொள்கிறேன்"

கீழே பெயர்: வா. பிஞ்ச்பெக்.

"வருஷா வருஷம் பிப்ரவரியில போடுவாரு டீச்சர். பேப்பர் வந்த மறுநாள் இங்க வந்து நிப்பாரு. 'இன்னும் படிக்கல போல, மேபல்'னுட்டுப் போவாரு. நாங்கல்லாம், நீங்க படிச்சுட்டு வேணும்னேதான் ஒத்துக்காம இருக்கீங்கன்னு நினைச்சோம்."

ஏப்ரல் 7 அன்று எடுக்கப்பட்ட முடிவு வருமாறு: அந்தப் பொருள் அகராதியில் சேர்க்கப்படும். முதல் சான்று 1906, வால்டர் பிஞ்ச்பெக். ஒரு நிறுத்தற்குறிகூட இல்லாத இதை மனைவி எழுதியிருப்பார் என எவரும் ஐயுற இயலாது என்று கோட்ஸ் குறித்தார். இரண்டாம் சான்று 1911, ஹாரியட் பிஞ்ச்பெக். விவசாயி நீக்கப்பட்டார். முதல் வாக்கியத்தின் இறுதியில் முற்றுப்புள்ளி விடுபட்டிருக்கிறது, சேர்க்கலாமா என்று அலுவலகம் கேட்டது. வேண்டாம் என்று திருமதி பிஞ்ச்பெக் தந்தி அனுப்பினார்.