முகம் பார்த்துத் திறக்கும் கதவு

மனிதகுலம் சமத்துவத்தை நோக்கி எடுத்துவைத்த அடிகளிலேயே ஆகப் பெரியது, எங்கள் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் மாடியில் பொருத்தப்பட்ட கதவுதான். ஒஹாயோ மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. அந்தக் கதவோடு தோளோடு தோள் நின்று பணியாற்றியவன் நான். அதன் பெருமையைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் யாருமில்லை.

எங்கள் கல்லூரியில் கறுப்பினப் பொறியியல் மாணவர் சங்கம் என்று ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஓர் அறை இருந்தது. கிழிந்த சோபா, ஒரு வெள்ளைப் பலகை, சாதாரணப் பூட்டு, சாதாரணச் சாவி. ஞாயிற்றுக்கிழமை மதியம் தேவாலயத்திலிருந்து கோட்டும் தொப்பியுமாக நேரே அங்கே வருவார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருவார்கள். பெரிய வகுப்பில் தனியொரு கறுப்பு முகமாக உட்கார்ந்து சந்தேகம் கேட்கக் கூசுகிற பிள்ளைகள், அங்கே தொண்டை கிழியக் கேட்பார்கள். நுண்கணிதத்தில் கரையேறிய பலர் அந்த சோபாவைப் பிடித்துத்தான் கரையேறினார்கள். இதில் கல்லூரியின் பங்கு எள்ளளவும் இல்லை. இந்தக் குறை எங்கள் டீன் வாரன் ஸ்டிக்னியின் மனத்தை உறுத்தியது.

"பாவம், எங்கேயோ பாதாளத்துல கெடக்கிறாங்க. மேல கொண்டு வருவோம்" என்றார். "போட்டோவுக்கும் வெளிச்சம் நல்லா இருக்கும்."

இப்படியாக 'அரவணைப்பு மையம்' பிறந்தது. கண்ணாடிச் சுவர், வழவழப்பான நாற்காலிகள், முகத்தைப் பார்த்துத் தானே திறக்கும் கதவு. கதவு எங்கள் பேராசிரியர் லிண்ட்க்விஸ்டின் ஆய்வகத்துப் படைப்பு. கதவுக்கு மூளையாக இருக்கும் கணினிகளை வைக்க இடம் தேவைப்பட்டதால், சங்கத்தின் பழைய அறை கணினிகளுக்கு வழங்கப்பட்டது.

திறப்பு விழாவில் சங்கத் தலைவி ரெனீட்டா பிராட்நாக்ஸ் கதவின் முன் நின்றாள். இயந்திரவியல் இறுதியாண்டு மாணவி. கதவு யோசித்தது. திரையில் எழுத்து வந்தது: 'எதிரில் ஆள் இல்லை.'

"இதைத்தான் நான் கதவு வைக்கிறப்பவே சொன்னேன்" என்றாள் ரெனீட்டா. "யாரை வச்சு சார் சோதிச்சீங்க?"

"எங்க லேப்ல இருக்கிற எல்லாரையும் வச்சு" என்றார் பேராசிரியர்.

"அதுல எங்க ஆளு யாராச்சும்?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் வெளிச்சமா நின்னு பாரும்மா."

"வெளிச்சமா நிக்கணுமா, வெளுப்பா நிக்கணுமா?"

இந்த இக்கட்டில்தான் நான் வரலாற்றில் நுழைந்தேன். டீன் அலுவலகத்தின் உதவியாளன், பெயர் கிளேட்டன், பாலில் ஊறிய ரொட்டி நிறம். நான் எட்டிப் பார்த்ததுமே கதவு சரேலென்று திறந்தது. மறுநாளே 'அரவணைப்பு இணைப்பாளர்' ஆனேன். மாணவர்கள் வந்தால் முன்னால் போய் முகத்தைக் காட்ட வேண்டும். எனக்கு முதுகலைப் பட்டமும் உண்டு. கதவு அதைக் கேட்கவில்லை.

தினமும் என்னைத் தேடி வந்தவன் டெனார்ட் பெட்வே, இரண்டாமாண்டு மாணவன். நுண்கணிதத்தில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தான். மறுமுறையும் தோற்றால் பொறியியலை விட்டே போக வேண்டும் என்பது விதி.

"சார், உங்க மூஞ்சியக் கொஞ்சம் கடன் குடுங்க" என்பான். அவன் சிரிப்பான், நானும் சிரிப்பேன். அரவணைப்பு என்பது வேறென்ன?

ஒரு சின்னச் சிக்கல். நான் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலைக்கு வருவேன். அவர்களுடைய பாடமோ ஞாயிற்றுக்கிழமை. ரெனீட்டா டீனிடம் வந்தாள்.

"திங்கக்கிழமை காலைல கணக்குப் பரீட்சை சார். டெனார்டுக்கு இதுதான் கடைசி. ஞாயித்துக்கிழமை கிளேட்டன் சாரை வரச் சொல்லுங்க."

"அவருக்கு லீவும்மா. அரவணைப்புக்கும் ஓய்வு வேணுமில்ல?"

"அப்ப ஒரு சாவி குடுங்க."

டீன் பதறிப்போனார். "சாவியா! சாவி ஒருத்தரை உள்ள விடும், இன்னொருத்தரை வெளிய நிறுத்தும். இந்தக் கல்லூரியில அந்தப் பாகுபாட்டுக்கு இடமே கிடையாது."

ரெனீட்டா என்னைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிடுங்க சார்."

வார விடுமுறையில் முகத்தைப் பயன்படுத்த மேலிடத்து அனுமதி வேண்டும் என்று விளக்கினேன். தவிர, அன்றைக்குத் தொலைக்காட்சியில் கால்பந்து இருந்தது.

ஞாயிறன்று அவர்கள் தேவாலயத்து உடுப்போடு அறைக்கு வெளியே, தரையில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிச் சுவரையே பலகையாக்கி வெளிப்புறத்தில் கணக்கு எழுதினார்கள். கதவு கவனித்தது. ஆள் யாரும் தெரியவில்லை, அசைவு மட்டும் தெரிந்தது. ஆளில்லாத இடத்தில் அசைவு இருந்தால் அபாயமணி அடிக்க வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட கட்டளை. கடமை தவறாமல் அடித்தது. வளாகக் காவலர்கள் ஓடி வந்தார்கள்.

"இங்க என்ன பண்றீங்க?"

"இது எங்க ரூம் சார்" என்றான் டெனார்ட்.

"உங்க ரூம்னா உள்ள போக வேண்டியதுதானே?"

"அதைக் கதவுகிட்டக் கேளுங்க சார்."

இந்த பதில் திமிராகக் கருதப்பட்டது. "அக்கா, அந்தக் கடைசிக் கணக்கு..." என்று டெனார்ட் ரெனீட்டாவிடம் கேட்டபடியே படியிறங்கினானாம். எல்லாரையும் பனியில் வெளியே அனுப்பிவிட்டு, காவலர்கள் சுவரில் இருந்த கணக்கையும் சுத்தமாகத் துடைத்தார்கள்.

டீன் வாளாவிருக்கவில்லை. உடனடியாகச் சங்கத்தாரிடமே முகங்களை 'நன்கொடை' கேட்டார். அடுத்து வரும் பிள்ளைகளுக்காவது அறை கிடைக்கட்டும் என்று அவர்களும் விளக்கின் கீழ் வரிசையாக உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் திரும்பி, கதவுக்குத் தங்களைக் கற்றுக்கொடுத்தார்கள். டெனார்டும் உட்கார்ந்தான். பிறகு தேர்வு முடிவு வந்தது. அவன் விடுதியைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனான். கதவு தேறிவிட்டது.

வசந்தத்தில், சிறந்த அரவணைப்புக்கான விருதுக் குழு எங்களைப் பார்க்க வந்தது. சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"எங்களுக்குப் பாடம் இருக்கு" என்றாள் ரெனீட்டா. "லைப்ரரி வாசப்படியில."

குழு காத்திருந்தது. டீன் அஞ்சா நெஞ்சர். கல்லூரியின் புதிய விளம்பரக் கையேட்டை என் கையில் திணித்து, என் முகத்தை மறைத்துப் பிடித்துக் கதவுக்குக் காட்டச் சொன்னார். அட்டை முழுக்க ஒரு மாணவனின் சிரித்த முகம். கதவு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அகலத் திறந்தது. குழுவினர் கைதட்டினார்கள்.

"அற்புதம்!" என்றார் குழுத் தலைவி. "என்ன களையான முகம்! இந்தத் தம்பிய நேர்ல பாக்கலாமா?"

டீன் இருமினார். அது டெனார்டின் முகம். அவர் இருமி முடிக்கும் வரை விருந்தினரைக் காக்கவைப்பது மரியாதையல்ல என்பதால், நானே பணிவோடு பதில் சொன்னேன்.

"முடியாதுங்க மேடம். மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆளை அனுப்பிட்டோம்."