சோடியத்துக்கு வாளி ஒதுக்கிய தீர்மானம்

மனித குலத்துக்கு நெருப்பைத் தந்தது யாரென்று அறிஞர்கள் இன்னும் வீணாகச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தந்தது எங்கள் கோவில்பட்டி வட்டாரம். அதுவும் பெட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டித் தந்தது. அப்பேர்ப்பட்ட மண்ணில் எங்கள் பள்ளியின் 'தீப் பாதுகாப்பு உயர்மட்டக் குழு' கூடுவதென்றால் சும்மாவா? மொத்தம் ஐந்து பேர். நால்வர் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, நடத்துகிறவர்கள். ஐந்தாமவன் நான், பள்ளி எழுத்தர். தீர்மானம் எழுதும் பாக்கியம் எனக்கு.

தலைவர் சுந்தரபாண்டி அண்ணாச்சி ஆய்வகத்தைப் பார்வையிட்டார். அலமாரியில் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பி நிறைய மண்ணெண்ணெய், அதற்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு சோடியக் கட்டி.

"பிள்ளைக படிக்கிற எடத்துல மண்ணெண்ணெயா? எங்க ஆபீஸ்ல பீடிக்கே தடை. இந்தக் கட்டியத் தூக்கித் தண்ணி வாளியில போடுங்க."

வேதியியல் ஆசிரியை கிருபா பதறினார். தற்காலிகப் பணியில் இருப்பவர். அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று அடுத்த மாதம் முடிவு செய்ய இருந்ததும் பள்ளி நிர்வாகத்திலும் இருக்கிற இதே நால்வர்தான்.

"தண்ணி பட்டா வெடிச்சிரும் அண்ணாச்சி! சோடியத்துல பதினோரு எலக்ட்ரான். உள்கூட்டுல ரெண்டு, அடுத்ததுல எட்டு, வெளிக்கூட்டுல ஒத்த ஆளு. எட்டயபுரம் பஸ்ல படியில தொங்குதவரு மாதிரி. தண்ணியக் கண்டா குதிச்சிருவாரு."

"படியில தொங்குதது குத்தம்லா டீச்சர்," என்றார் உறுப்பினர் செண்பகராஜ். "உள்ள ஏறச் சொல்லுங்க."

"உள்ள எட்டுப் பேருக்குத்தான் எடம்."

"கொஞ்சம் நெருங்கி உக்காரச் சொல்லுங்க!"

இந்த நிர்வாகத் தெளிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. கிருபா விடவில்லை. சுவரில் தொங்கிய தனிம வரிசை அட்டவணையின் இடது ஓரத்தைக் காட்டினார். அங்கே கீழே இறங்க இறங்க, கடைசி எலக்ட்ரான் அணுக்கருவை விட்டுத் தள்ளிப் போகும், பிடி தளரும், வினையின் வேகம் கூடும். சோடியத்துக்குக் கீழ்வீட்டுப் பொட்டாசியம் இன்னும் மோசம் என்றார்.

சுந்தரபாண்டி சிரித்தார். "பொட்டாசியம் குளோரேட்டு எங்ககிட்ட மூட்ட மூட்டையா கெடக்கு. தண்ணி ஊத்தித்தான் குச்சி மருந்து கலக்குதோம். என்ன ஆயிட்டு?"

"அது ஏற்கெனவே எலக்ட்ரானக் குடுத்துட்டு அடங்கிப்போன பொட்டாசியம். இது இன்னும் குடுக்காம துடிச்சிக்கிட்டு நிக்கி."

"நெருப்புன்னா தண்ணி. முப்பது வருச அனுபவம் டீச்சர்."

நான் அழகிய கையெழுத்தில் எழுதினேன்: 'ஏகமனதாக நிறைவேறியது.'

மறுநாள் காலை, பள்ளி முற்றத்தில் 'வாளி மாற்று விழா'. தலைவருக்குப் பொன்னாடை. கிருபா பிள்ளைகளைக் கொடிக்கம்பத்துக்கு அப்பால் விரட்டினார். அண்ணாச்சி இடுக்கியால் கட்டியை எடுத்து வாளியில் இட்டார். அது மிதந்தது, சீறியது, சுற்றியது. கிருபா பொன்னாடையைப் பிடித்து அவரைப் பின்னால் இழுத்ததும் வாளி வெடித்ததும் ஒரே நொடி. அண்ணாச்சிக்கு வந்த ஆபத்து பாதி மீசையோடு போயிற்று. கிருபாவுக்கு முன்கை வெந்துவிட்டது.

விசாரிக்க அதே குழு அமர்ந்தது. 'வேதிப்பொருளுக்கு ஒழுக்கம் கற்பிக்க ஆசிரியை தவறிவிட்டார்' என்று கண்டுபிடித்தது. கிருபாவுக்கு வேலை போயிற்று.

கடைசி நாளன்று கைக்கட்டோடு என் மேசைக்கு வந்தார்.

"சார், நீங்க பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான? வெடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியும்லா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

தெரியும். முதல் வகுப்பில் தேறியவன். ஆனால் அட்டவணையின் வலது ஓரத்தில் நியான், ஆர்கான் என்று வெளிக்கூடு நிரம்பிய மகான்கள் குடியிருக்கிறார்களே, நான் அந்தத் தெருக்காரன். எதையும் வாங்கமாட்டோம், எதையும் கொடுக்கமாட்டோம், பக்கத்தில் எது வெடித்தாலும் அசையமாட்டோம். நிரந்தர வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள். என்மேல் ஒரு மெமோ கிடையாது.

விசாரணை அறிக்கையை நான்தான் எழுதினேன். 'ஆபத்தை நன்கு அறிந்திருந்தும் வாய் திறக்காத ஒருவரே இதற்குப் பொறுப்பு' என்ற வரி முழுக்க உண்மை. பெயரை மட்டும் மாற்றி, கிருபா என்று எழுதிவிட்டேன்.